தலையணைக்குள் ராணி

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். வீடு அகலம் கம்மி. ரயில் பெட்டி மாதிரி முன்னாலிருந்து பின்னால் வரை நீளமாகப் போகும். ஆனால் வாசக்கால் நல்ல தேக்கு. பெரிய மிராசுதார் வீட்டுக்கு வைக்கிற கனம். "இன்னாம்மா இது, ஊடு இத்துனூண்டு, கதவு மட்டும் இம்மாம் பெர்சா கீது" என்று மண்ணூர்பேட்டையில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. "அது லண்டன் துட்டு" என்பேன். யாரோ எங்களுக்குச் சீமையில் சொந்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். கொஞ்சம் மரியாதையாகத்தானே பார்க்கிறார்கள், அதில் எனக்கு என்ன நஷ்டம்?

சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நான் நசரத்பேட்டைக்காரி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து என்னை வளர்த்தவர்கள். என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் லேத்து ஓட்டுகிற டர்னர். கல்யாணம் ஆன கையோடு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் வரிசையில் மட்டும் சேலம், கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நான் தவணையில் ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டு அத்தனை பேர் வீட்டுக்கும் ரவிக்கை தைத்தேன். கழுத்து எவ்வளவு இறக்கம் கேட்கிறாள், கை எவ்வளவு நீளம் கேட்கிறாள் என்பதை வைத்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவேன். என் தையலில் ஒரு ரவிக்கை பிரிந்தது என்று எவளும் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. என் பேரில் ஒரு மனை. எங்கள் குடும்பத்தில் யார் பேரிலும் ஒரு கைப்பிடி மண் இருந்ததில்லை. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்ததும் மண்ணூர்பேட்டைப் பக்கம் கழனிகளை மனையாகப் பிரித்து விற்க ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு நிலக்காரர் ஒரு கிரவுண்டு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். பாதி என் தையல் காசு, பாதி என் வீட்டுக்காரர் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. இன்னும் கொஞ்ச நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் மொத்தமும் தேறிவிடும் என்கிற நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் 1966இல் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நேற்று வரை இருந்த அதே ரூபாய், அதே அரிசிக்கடை. ஆனால் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் மட்டும் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. அந்த வீட்டு ஃபிட்டரைத் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்கு என்று இங்கிலாந்து அனுப்பியிருந்தார்கள். அங்கே ரொட்டியும் தண்ணீருமாகக் கிடந்து மிச்சம் பிடித்த பவுண்டு நோட்டுகளை மனிதர் பெட்டிக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். முன்னே ஒரு பவுண்டுக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம். ஒரே நாளில் அது இருபத்தொன்று. மெட்ராஸில் பாரிமுனைப் பக்கம் ஏதோ ஒரு சந்தில் கள்ளத்தனமாக வாங்குகிறவன் அதற்கும் மேலே போட்டுக் கொடுத்தான். ஃபிட்டர் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். அவர் மனைவி அதன் பின்னால் உட்கார்ந்து அம்பத்தூர் சந்தைக்குப் போய் வந்தாள். கத்தரிக்காய் வாங்கத்தான் போனாள், ஆனால் போன தினுசைப் பார்க்க வேண்டுமே.

அன்றிலிருந்து பிடித்தது பவுண்டு காய்ச்சல். ரூபாய் இன்னொரு தடவை இறங்கும், அப்போது பவுண்டு இன்னும் ஏறும் என்று எல்லாரும் பேசினார்கள். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அந்தச் சந்துக்கு ஆள் விட்டார்கள். சிலர் மனைவி கழுத்தில் இருந்ததைச் சேட்டு கடையில் வைத்து வாங்கினார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"மனை எங்க ஓடிடப் போவுது? ஒரு வருசம் போட்டு வச்சா துட்டு ஒண்ணரையாவும். மனையும் வாங்கலாம், மேல ஊடும் கட்டலாம்."

"ரூபா எறங்கும்னு யாருக்குமே தெரியாதப்ப அது எறங்கிச்சு. உன் பவுண்டு மட்டும் எறங்காதுன்னு எந்த சாமி வந்து சொல்லிச்சு?" என்றேன்.

அவர் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"என் மிஷின் எந்த ஊருது தெரியுமா? இங்கிலாந்து. பெரம்பூர் பட்டறையில நான் தொழில் கத்துக்கினேனே, அந்த மிஷினு வெள்ளக்காரன் காலத்துல எறக்குனது. இன்னிக்கும் ஒரு நூல் ஆட்டம் கெடையாது. இம்மாம் சுத்தமா மிஷின் பண்றவன், துட்ட மட்டும் லூசாவா பண்ணிருப்பான்?"

இதுதான் அவர்கள் எல்லாருடைய கணக்கும். மில்லிங் ஓட்டுகிறவர், கிரைண்டிங் ஓட்டுகிறவர் என்று எங்கள் வரிசையில் எல்லாரும் இரும்போடு பழகியவர்கள். அந்த ஊர் லேத்து தேயாது, அந்த ஊர் ஸ்பேனர் வளையாது, அப்படியானால் அந்த ஊர் காசும் இறங்காது. ஆபீசில் பேனா பிடிக்கிறவர்கள் யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். கைவேலை தெரிந்தவனுக்குத்தான் நல்ல வேலைப்பாட்டின் மேல் இப்படி ஒரு கண்மூடித்தனமான பக்தி வரும். அதற்காக அவரைக் கேலி செய்ய எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. ஆனால் அன்றைக்குச் செமத்தியாகச் சண்டை போட்டேன்.

"மண்ண வாங்கினா போயி அதும்மேல நிக்கலாம். பத்து பேருக்குக் காட்டலாம். உன் பவுண்ட வெளிய எடுத்துக் காட்டுவியா நீ? போலீசு புடிச்சா உள்ள வப்பான். ஃபேக்டரியில தெரிஞ்சா வேல பூடும். ஒளிச்சு வச்சுகினு பயந்துகினு கீறதுக்குப் பேரு சொத்தா?"

இவ்வளவு சொல்லியும் அவருக்கு ஆசை போகவில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். "உன் பங்கு உன்னுது. என் தையல் காசுல ஒரு பைசா, அந்த பவுண்டு நோட்டுல கீறாளே ராணி, அவளுக்குக் கெடையாது. நான் பாதி மனை வாங்கிக்கிறேன். உன் ராணி குட்டி போட்டதும் நீ மீதிய வாங்கு" என்றேன்.

நிலக்காரர் ஒரு கிரவுண்டை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கொடுக்க முதலில் முகம் சுளித்தார். நான் விடவில்லை. இந்தத் தையில் பாதி, அடுத்த தையில் மீதி, அதுவரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினேன். 1967 பொங்கல் கழிந்ததும் அரை கிரவுண்டு என் பேரில் பதிவானது. அப்பாவை நசரத்பேட்டையிலிருந்து கூட்டி வந்து காட்டினேன். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு வந்தார். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரைக்கும் என்று இரண்டு தடவை கேட்டார். ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருப்பா" என்றேன்.

"யாரும் ஏந்துருன்னு சொல்ல மாட்டாங்கல்லம்மா?" என்றார்.

"உன் பொண்ணுதான் சொல்லணும். அவ சொல்ல மாட்டா" என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். எனக்கு அன்றைக்கு இருந்த கர்வத்தில் கால் தரையில் பாவவில்லை.

என் வீட்டுக்காரர் தன் பங்கோடு சொசைட்டியில் கடனும் வாங்கிச் சேர்த்து, அந்தச் சந்தில் பவுண்டு வாங்கி வந்துவிட்டார். பச்சை நோட்டும் நீல நோட்டுமாக, ஒவ்வொன்றிலும் தலையில் கிரீடம் வைத்த ராணி. எங்கே ஒளிப்பது? குவார்ட்டர்ஸில் பீரோவா இருக்கிறது? கடைசியில் ஒரு தலையணையைப் பிரித்து, பஞ்சுக்கு நடுவில் துணியில் சுற்றி வைத்து, நானே நாலு பக்கமும் தைத்துக் கொடுத்தேன். கூடாது என்று சண்டை போட்டவளும் நான்தான், தைத்துக் கொடுத்தவளும் நான்தான். குடும்பம் என்றால் அப்படித்தானே.

அந்தத் தலையணையை அவர் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். "எனக்கு நல்ல சக்களத்திய கொண்டாந்தய்யா. நாள் பூரா அவ மேலயே தலய வச்சிக்க" என்று நான் சீண்டுவேன். ஆடிக்கு என் அண்ணன் வந்திருந்தபோது, "மச்சான், அந்தத் தலகாணிய இப்டி குடேன்" என்று கையை நீட்டினான். இவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "இது எங்கழுத்துக்குன்னு வைத்தியர் சொல்லி செஞ்சது மச்சான்" என்றார். அண்ணன் ஊருக்குப் போய் மாப்பிள்ளைக்குக் கழுத்தில் ஏதோ பெரிய வியாதி என்று சொல்லிவிட்டான். அம்மா பதறிக்கொண்டு தைலத்தோடு வந்து நின்றாள்.

சிரித்தோமே தவிர, உள்ளுக்குள் நிம்மதி கிடையாது. தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நிற்கிறவர் எங்கள் தெருவழியாகப் போனாலே இவருக்கு வியர்க்கும். யாராவது ரூபாய் பற்றிப் பேசினால் காது அந்தப் பக்கம் போய்விடும். ரூபாய் இறங்கினால் தனக்கு நல்லது என்று ஒரு மனுஷன் தன் சம்பளமே ரூபாயில் வருவதை மறந்துவிட்டுக் காத்திருப்பதை நான் அந்த வருஷம் பார்த்தேன். என் அரை கிரவுண்டு அதுபாட்டுக்கு மண்ணூர்பேட்டையில் வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து கிடந்தது. அதை நினைத்து நான் ஒரு நாளும் வியர்க்கவில்லை.

அடுத்த தை நெருங்கியது. நிலக்காரர் மீதி அரை கிரவுண்டை நினைவுபடுத்தி ஆள் அனுப்பினார். பவுண்டை விற்க வேண்டிய வேளை வந்துவிட்டது. சந்துக்காரனிடம் போனால் கமிஷன் என்று பிடுங்குவான். அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவர் திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை. எங்கள் இருவரையும் விட வயதில் பெரியவர். ஊரில் தன் பங்கு நிலத்தை விற்றுப் பணத்தோடு திரும்பியிருந்தார். ரூபாய் இன்னும் இறங்கும் என்று அவரும் நம்பினார். நீங்கள் விற்பதாக இருந்தால் எனக்கே கொடுங்கள் என்றார். இருவரும் ஒரு விலை பேசினார்கள். அந்த விலைக்கு விற்றால் சொசைட்டி கடனும் தீரும், மீதி மனையும் வந்துவிடும். கார்த்திகை பிறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பேச்சு முடிந்தது. மறுநாள் காலையில் பணத்தோடு வருகிறேன் என்று அவர் போனார்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் தையல் சுண்ணக்கட்டியை எடுத்து, குவார்ட்டர்ஸ் தரையிலேயே சமையல்கட்டு வரைய ஆரம்பித்துவிட்டார். "இங்க அடுப்பு. இங்க ஜன்னலு, புகை போவணும். அம்மி இந்த மூலையில" என்று மண்டி போட்டுக்கொண்டு கோடு இழுத்தார். நான் அதற்குள் போய் நின்று பார்த்தேன். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் சுவர் இடிக்காது. அவ்வளவு பெரிய சமையல்கட்டு நான் யார் வீட்டிலும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. நான் தலையணையைப் பிரித்து நோட்டுகளை வெளியே எடுத்துப் பாயில் வைத்திருந்தேன். டீக்கடைக்குப் போன இவர் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்திருந்தார். சுண்ணக்கட்டி சமையல்கட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"கடையில ரேடியோ போட்டாங்க" என்றார். "பவுண்டு வெலைய எறக்கிட்டானாம் அந்த ஊர்க்காரனே. ஏழுல ஒரு பங்கு போச்சு."

நான் ஒரு வருஷமாகச் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் பலித்ததில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. அவர் முகம் அப்படி இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது.

"தம்பி, மழை வெறிக்கட்டும்னு பாத்தேன், விட மாட்டேங்கு. பணத்தக் கொண்டாந்துட்டேன்."

திருநெல்வேலிக்காரர் மஞ்சள் பையை வேட்டி மடிப்புக்குள் நனையாமல் அணைத்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் ரேடியோ கிடையாது. மழையில் வேறு எங்கேயும் போய் வந்த மாதிரியும் தெரியவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எங்கள் இருவருக்குமே பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பாயில் நோட்டு இருக்கிறது. அவர் கையில் பணம் இருக்கிறது. நேற்றே விலை பேசி முடித்தாயிற்று. வாங்கிக்கொண்டு அனுப்பினால் சமையல்கட்டு எங்களுடையது. யாரும் தப்பு சொல்ல முடியாது, ரேடியோ கேட்கவில்லை என்றால் போயிற்று. இவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கூடவே வாழ்கிற மனுஷன்தான், ஆனாலும் சத்தியமாகத் தெரியவில்லை.

"உக்காரு அண்ணாத்தே" என்றார் இவர். "அந்தப் பைய பிரிக்காத. நீ இத வாங்க வாணாம்."

"ஏன் தம்பி? விலை பத்தலையா?"

"வெலையெல்லாம் சரிதான். காலையில ரேடியோல சொன்னான், பவுண்டு எறங்கிடுச்சாம். நம்ம ரூபாயும் பின்னாடியே எறங்குமோ இன்னாவோ, அது எனுக்குத் தெரியாது. தெரியாத சரக்க உந்தலையில கட்ட மாட்டேன்."

அதற்குத் திருநெல்வேலிக்காரர் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது.

"நேத்தே பேசி முடிச்சாச்சுல்லா. நீங்க நம்பி நிலக்காரருக்குச் சொல்லியிருப்பீக. சொன்ன சொல்லு சொல்லுதான். நான் வாங்கிக்கிடுதேன் தம்பி."

இவர் எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ வாங்கினாலும் நான் விக்க மாட்டேன் அண்ணாத்தே. ஊர்ல மண்ண வித்த துட்டு அது. எடுத்துகினு போய் ஊட்ல வை."

என் புருஷன் படித்தவர் இல்லை, பணக்காரர் இல்லை. பவுண்டு விஷயத்தில் அசட்டுத்தனமாகத்தான் நடந்துகொண்டார், அதை அவர் முகத்துக்கு நேரேயே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்த மாதிரி நான் எந்தச் சாமியையும் பார்த்ததில்லை. எங்கள் வரிசையிலேயே இன்னொருத்தர் அன்றைக்குக் காலையில் விஷயத்தை மறைத்து ஒரு அப்பாவியிடம் விற்றுவிட்டு ரொம்ப நாள் அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பெண்டாட்டிக்கு ரவிக்கை தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, டீ குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அவர் போனதும் இவர் ஈரத்துணியை எடுத்துத் தரையில் இருந்த சமையல்கட்டைத் துடைக்கப் போனார். "இருக்கட்டும் விடு, நாளைக்கு நான் பெருக்கிக்கிறேன்" என்றேன்.

நம் ரூபாய் கூடவே இறங்கவில்லை. பவுண்டு பதினெட்டுக்கு வந்து நின்றது. எல்லாரும் வாங்கியபோது விலையை ஏற்றிச் சொன்ன சந்துக்காரன், எல்லாரும் விற்க வந்து நின்றபோது அந்தப் பதினெட்டும் தர மாட்டேன் என்றான். எந்தக் கடைக்காரனிடமும் நியாயம் கேட்கலாம், அவனிடம் கேட்க முடியுமா? பாங்குக்குப் போனால் இது எப்படி உன் கைக்கு வந்தது என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு கொடுத்ததை வாங்கி வந்தார்கள். நகையைச் சேட்டு கடையில் வைத்தவர்களுக்கு வட்டி வேறு. ஸ்கூட்டர் ஃபிட்டர் மட்டும் தப்பித்தார், அவர் முதலிலேயே விற்றுவிட்டாரே. என் வீட்டுக்காரரும் போனார். சொசைட்டி கடனைக் கட்டியது போகக் கொஞ்சம்தான் மிஞ்சியது. ஒரே ஒரு பச்சை நோட்டை மட்டும் சந்துக்காரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒரு வருஷம் இவர் தலையில் தடவிய எண்ணெய் பஞ்சு வழியாக இறங்கி ராணியின் முகம் முழுக்கக் கறை. "எண்ணெ குடிச்ச ராணிய எவன்யா வாங்குவான்?" என்று கேட்டானாம். எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான்தான்.

மார்கழியில் நிலக்காரர் இனிமேல் பொறுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார். எங்களால் முடியாது என்று நாங்களும் சொல்லிவிட்டோம். அது முடிந்த இரண்டாம் நாள் திருநெல்வேலிக்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, அந்த மீதி அரை கிரவுண்ட நான் வாங்கிக்கிடட்டுமா? ஊர்ல உள்ளத வித்துட்டேன், இங்கன ஒரு இடம் வேணும். நீங்க வேண்டாம்னு சொன்னா வாங்க மாட்டேன். உங்க இடம்னு தெரிஞ்சு நான் போய் நிக்கது நல்லாருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சமையல்கட்டு. எந்தப் பணத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோமோ, அதே பணத்தில் அதே இடம் இன்னொருத்தருக்குப் போகிறது. நான் இவரைப் பார்த்தேன். இவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்ன கேக்காத அண்ணாத்தே. நெலம் அவ பேர்ல கீது. அவளாண்ட கேளு."

யாரும் என்னிடம் நிலத்தைப் பற்றி அனுமதி கேட்டதில்லை. என் அப்பாவிடமும் கேட்டதில்லை, அவர் அப்பாவிடமும் கேட்டதில்லை. ஒரு பெரிய மனுஷர் வாசலில் நின்று என் பதிலுக்காகக் காத்திருந்தார். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. அது கர்வம்தான், வேறு என்ன?

"வாங்கிக்கங்க அண்ணே" என்றேன். "ஆனா ரெண்டு கண்டிசன். கெணறு ரெண்டு மனைக்கும் நடுவுல, கோட்டு மேலயே வெட்டணும். பின்பக்கம் சுவரு எழுப்பக் கூடாது."

"சுவரா?" என்றார் அவர். "உங்களுக்கும் எனக்கும் நடுவுல எதுக்கு தாயி சுவரு?"

சொன்ன சொல் சொல்தான் என்றவர் அல்லவா? கிணறு கோட்டு மேலேயே இருக்கிறது. இந்தப் பக்கம் எங்கள் ராட்டினம், அந்தப் பக்கம் அவர்கள் ராட்டினம். எங்கள் சமையல்கட்டில் கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் சமைப்பேன். கிணற்றடிக்குப் போனால் அந்தப் பக்கத்து அண்ணி குழம்பு என்ன என்று கேட்பாள், திட்டு பாதியில் நின்றுவிடும்.

பவுண்டில் மிஞ்சிய பணத்தை இவர் என் கையில் கொடுத்து, "உன் இஷ்டம்" என்றார். நான் அதைத் தபாலாபீசில் போட்டு வைத்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வழியாகக் கடனை உடனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது அதை எடுத்தேன். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போட்டுக் கரைக்க எனக்கு மனசில்லை. முழுக்க முழுக்கத் தேக்கில் வாசக்காலும் கதவும் வாங்கச் சொன்னேன். வீட்டுக்கு மீறிய கதவு என்று மேஸ்திரி சொன்னார். ஒரு மழைநாளில் மஞ்சள் பையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிய மனுஷன் தினமும் நுழைகிற கதவு, அதற்கு இந்தக் கனம்கூட இல்லாவிட்டால் எப்படி? மேஸ்திரிக்கு அதெல்லாம் சொல்லவில்லை. "வைய்யி" என்று மட்டும் சொன்னேன்.

வாசக்கால் வைத்த அன்று அப்பா வந்தார், திருநெல்வேலி அண்ணன் குடும்பத்தோடு வந்தார். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, கீழே குழியில் நவதானியமும் ஒரு பொட்டு தங்கமும் போட்டாயிற்று. கொத்தனார் கலவையை எடுத்தபோது இவர், "இரு நைனா" என்று சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். நாலாக மடித்த பச்சைத் தாள்.

"இன்னாது அது, காயிதம்?" என்றார் கொத்தனார்.

"ராணி" என்றார் இவர்.

குனிந்து அதை நவதானியத்தின் மேல் வைத்தார். எண்ணெய்க் கறையோடு அவள் முகம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அவளிடமே சொன்னார்.

"இங்கயே கெட. இனிமே நீ ஏறவும் வாணாம், எறங்கவும் வாணாம்."

திருநெல்வேலி அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கொத்தனார் ஒன்றும் புரியாமல் கலவையைக் கொட்டி மூடினார். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் ஒதுங்கி நின்று, எனக்குக் கையைக் காட்டினார். நான் சக்களத்தியைத் தாண்டிக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே போனேன்.